தாலாவுக்காகக் கேட்டது

ஸல்ட் என்ற அரபு ஊரில் ஒருவனுக்கு மகன் பிறக்காவிட்டாலும் ஊரே அவனுக்கு ஒரு மகனைக் கொடுத்துவிடும். தைசீருக்கு ஒரே மகள், பெயர் தாலா. ஆனால் அவனுடைய பேட்டரிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவனை ‘அபூ அவ்வாத்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வாதின் அப்பா என்று அர்த்தம். அவ்வாத் என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. பிறந்தால் தாத்தாவின் பெயரைத்தானே வைப்பான் என்று ஊர் தானாக முடிவு செய்து, அந்தப் பிறக்காத பையனை வைத்து அப்பனுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தது. பிறந்து, வளர்ந்து, கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்த பெண்ணின் பெயரால் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. தைசீரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

தாலா பிறந்தபோது உடனே அழவில்லை. மருத்துவர் தட்டி, குழாய் வைத்து, கடைசியில் ஒருவழியாக மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எல்லாமே தாமதம்தான். நடந்தது தாமதம், பேசியது தாமதம். எட்டு வயதில், இரண்டாம் வகுப்பில், மற்றப் பிள்ளைகள் பத்தி பத்தியாக வாசித்துக்கொண்டிருக்க, அவள் தன் பெயரின் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஸமீஹா ஒருநாள் தாலாவின் அம்மாவைக் கூப்பிட்டு, “உம்மு தாலா, தப்பா நினைக்காதீங்க. இவளுக்கு இது சரியான இடமில்ல. அம்மான்ல இவங்களுக்குன்னு மையம் இருக்கு, அங்க சேத்துடுங்க” என்றாள்.

தைசீரின் மனைவி மைசூன் சாதாரணப்பட்டவள் இல்லை. அவள் தலைநகர் அம்மானுக்குப் போய்ப் பிள்ளையைப் பரிசோதித்து அறிக்கை வாங்கினாள். இதே மாதிரி பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களைத் தேடிப்பிடித்துப் பேசினாள். இந்த மாதிரிப் பிள்ளைக்கு அதன் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தனி உதவி வகுப்பும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியையும் கொடுத்தாக வேண்டும், அது பிள்ளையின் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை என்று தெரிந்துகொண்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் உதவி வகுப்புக்கென்று ஓர் அறையும் இருந்தது. அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். மைசூன் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதினாள். பிள்ளையின் பாதுகாவலர் என்ற இடத்தில் தைசீர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முனகிக்கொண்டே போட்டான்.

ஸல்ட்டில் ஒரு மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மறுவாரமே கடைக்கு வந்தவர்கள், “என்ன அபூ அவ்வாத், வீட்டுல அம்மா வக்கீலாயிட்டாங்களாமே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். ஸமீஹாவின் கணவர் குடும்பம் செல்வாக்கான குடும்பம். தைசீருக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா அபூ நாயிஃப் கடைக்கு வந்தார். குடும்பத்துக்கே மூத்தவர். அவர் வாயெடுத்துக் கேட்டால் ஊரில் யாரும் இல்லை என்று சொன்னது கிடையாது. கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “அலுவலகமாம், மனுவாம்! நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார். “ஜாஹா எடுத்துட்டுப் போவோம். பெரிய மனுஷங்க போய் உக்காந்தா தீராத விஷயம் என்ன இருக்கு? என்ன கேக்கணும், அதை மட்டும் சொல்லு.”

தைசீர் யோசித்தான். தன் மகளுக்கு எழுத்து வரவில்லை, அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. பெரியப்பாவோடு வந்திருந்த ஆட்கள் மூன்று பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பக் கூடாது பெரியப்பா. அவ்வளவுதான்” என்றான்.

“பொண்ணுக்கு என்ன குறை?”

“குறையெல்லாம் ஒண்ணுமில்ல. கூச்ச சுபாவம். கொஞ்சம் பேச மாட்டா.”

ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகப் போய் ஒன்றைக் கேட்டு வாங்கும் ஜாஹாவுக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே தாலாவை வயிற்றில் சுமந்தவளும், அறிக்கை வாங்க அலைந்தவளும், அந்த விஷயத்தில் ஒன்று விடாமல் தெரிந்தவளும் வீட்டில் இருக்க, ஒன்றுமே தெரியாத பதினைந்து இருபது ஆண்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஸமீஹாவின் கணவர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. அபூ நாயிஃப் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் தன் முன்னால் வைத்தார். கேட்க வந்தது கிடைக்கும் வரை ஜாஹாவின் தலைவர் காப்பியைத் தொட மாட்டார். தொடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம்.

“எங்க பொண்ணு உங்க பள்ளிக்கூடத்துல படிக்குது. அவள அங்கேருந்து அனுப்பக் கூடாது. இதத்தான் கேட்டு வந்தோம்” என்றார்.

ஸமீஹாவின் கணவர் எழுந்து நின்றார். “காப்பியைக் குடிங்க அபூ நாயிஃப். பொண்ணு எங்க பொண்ணு. அவளா போற வரைக்கும் அங்கதான் இருப்பா. ஆனா எங்க வீட்டுப் பொம்பள மேல ஒரு மனு போயிருக்கு...”

எல்லோரும் தைசீரைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான்.

“மனு திரும்பி வரும். இதுக்கு என் முகம் பிணை” என்று சொல்லிவிட்டு அபூ நாயிஃப் காப்பியைக் குடித்தார். அந்த ஊரில் ஒருவர் தன் முகத்தைப் பிணையாக வைத்துவிட்டால் பிறகு அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வாக்கை மீறுகிறவன் அவர் முகத்தையே அறுத்துவிட்டான் என்பார்கள்.

தைசீர் பெருமையாகத்தான் வீட்டுக்கு வந்தான். மைசூன் முழுவதையும் கேட்டாள்.

“உதவி வகுப்பு?”

“அதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்.”

“ஆசிரியை?”

“மொதல்ல இருக்கட்டும் மைசூன். இடம் கெடச்சாச்சில்ல?”

“அவளுக்குச் சட்டப்படி இருந்த இடத்த நீ இரவல் வாங்கிட்டு வந்திருக்க” என்றாள் அவள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மனு திரும்பி வந்தது. தாலா மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஆண்கள் அநாவசியமாகக் காலெடுத்து வைப்பதில்லை. அதனால் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தைசீர் உள்ளே போனதே இல்லை. குளிர்காலத்தில் ஒருநாள் ஓர் ஆசிரியையின் கார் பள்ளிக்கூட முற்றத்தில் கிளம்ப மறுத்தது. அவனுக்குத் தொலைபேசி வந்தது. புது பேட்டரி கொண்டுபோய்ப் போட்டான். விரல் விறைக்கும் குளிர். “உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க அபூ அவ்வாத், நீங்க வேத்தாளா?” என்று ஸமீஹாவே வந்து கூப்பிட்டாள். ஆசிரியைகள் அறையின் வாசலோரத்தில் நாற்காலி போட்டார்கள்.

டீயைத் தாலா கொண்டுவந்தாள்.

பெரிய தட்டு. அதில் ஏழெட்டு கிளாஸ். நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. “பாபா, சிந்தவே இல்ல பாரு” என்றாள்.

“நம்ம தாலா இல்லாட்டி எங்க பாடு திண்டாட்டம்தான்” என்றாள் ஓர் ஆசிரியை, உண்மையான பிரியத்தோடு. “யாருக்கு எத்தன ஸ்பூன் சர்க்கரைன்னு அவளுக்கு அத்துப்படி. எனக்கு ரெண்டு, மிஸ் ஸமீஹாவுக்குச் சர்க்கரையே கூடாது, கணக்கு மிஸ்ஸுக்குப் புதினா போடணும். ஒருநாள் தப்பினதில்ல.”

“இப்ப அவ வகுப்புல என்ன பாடம்?” என்று கேட்டான் தைசீர்.

“கணக்கு. அவளுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? பாவம்.”

ஸமீஹா அவன் முகத்தைப் பார்த்தாள். “வாக்குல இம்மியும் தவறல அபூ அவ்வாத். அனுப்பக் கூடாதுன்னு கேட்டீங்க. அனுப்பினோமா? தலையில தூக்கி வெச்சிருக்கோம்.”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தைசீர் கிளாஸை எடுத்தான். அந்த இடத்தில் ஒரு அப்பன் எழுந்து தட்டை வாங்கிக் கீழே வைத்திருக்க வேண்டும், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பறைக்கு நடந்திருக்க வேண்டும். அவன் டீயைக் குடித்தான். அவனுக்குப் பிடித்த அளவுக்குச் சர்க்கரை போட்டிருந்தாள். “நல்லாருக்கு செல்லம்” என்று சொல்லிவிட்டு, ஆசிரியைகளுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மதியமே கடையை மூடினான். வீட்டில் மைசூன் கூசா என்ற பிஞ்சுச் சுரைக்காயைக் குடைந்து அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“மணிக்கட்டுல சுட்டுக்கிட்டு வந்தா. போய்க் கேட்டேன். உங்க வீட்டுக்காரர் பெரியவங்கள வெச்சு முடிச்ச விஷயம், நீங்க எதுக்கு வந்து பேசறீங்கன்னு கேட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்ப? இன்னொரு ஜாஹா அனுப்பியிருப்ப. டீக்குப் பதிலா அவ காப்பி போட்டுக் குடுத்திருப்பா.”

தைசீர் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

“மறுபடியும் மனு எழுது. கையெழுத்துப் போடறேன்” என்றான்.

“பெரியப்பா முகம்?”

“நானே போய்ச் சொல்றேன்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அபூ நாயிஃப் வீட்டுக் கீழ்க்கூடத்தில் ஆண்கள் நிறைந்திருப்பார்கள். அவர் தனியாக இருக்கும்போது போயிருக்கலாம். ஆனால் வாக்கு பலர் முன்னால் கொடுத்தது. அதைத் திரும்ப எடுப்பதும் பலர் முன்னால்தான் என்று தைசீருக்குத் தோன்றியது. போய் நின்றான்.

“பெரியப்பா, தாலா விஷயத்துல மறுபடியும் மனு குடுக்கப் போறேன். உங்க வாக்க மீறறேன். அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கூடத்தில் பேச்சு அடங்கியது. அபூ நாயிஃபின் கழுத்து நரம்பு புடைத்தது. “என் முகத்த அறுக்கறேன்னு எங்கிட்டயே வந்து சொல்றியா? நீ கேட்டதத்தானே வாங்கிக் குடுத்தேன்! ஒரு எழுத்துக் குறைச்சு வாங்கினேனா?”

“இல்ல பெரியப்பா. நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் உங்க வாயில தப்பான கேள்வியப் போட்டேன்.” இங்கே நிறுத்தினால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தைசீருக்குத் தெரிந்தது. “கூச்ச சுபாவம்னு சொன்னேனே, அது பொய். அவளுக்கு மூள வளர்ச்சி கம்மி. ஒம்பது வயசாகுது, தன் பேர எழுதத் தெரியாது. அவளுக்குத் தனியா சொல்லித்தர ஆள் வேணும். அதச் சொல்ல வெக்கப்பட்டேன். உங்க முன்னால, இதோ இவங்க முன்னால வெக்கப்பட்டேன். அவ இப்ப பள்ளிக்கூடத்துல டீ சுமந்துக்கிட்டிருக்கா.”

ஒருவர் இருமினார். ஒருவர் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். அபூ நாயிஃப் இன்னும் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. அவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. “போ” என்றார். “இதெல்லாம் சபையில சொல்ற பேச்சா? வெளிய போ. இந்த வீட்டுப் படி ஏறாத.”

அதற்குப் பிறகு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தைசீருக்கு அழைப்பு வரவில்லை. தெருவில் பெரியப்பா எதிரே வந்தால் அடுத்த பக்கம் கடந்து போனார். கடையில் “வக்கீல் புருஷன்” என்ற பட்டம் நிலைத்துவிட்டது. தைசீர் கையெழுத்துப் போட்டான், மனு போனது, கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கே வந்து விசாரிப்பதாகப் பதில் வந்தது.

“கூட்டத்துல நீதான் பேசணும்” என்றாள் மைசூன்.

“நானா? உனக்குத்தானே எல்லாம் தெரியும்.”

“தெரியாம ஒரு தடவ பேசிட்டு வந்தியே. இந்தத் தடவ தெரிஞ்சுக்கிட்டுப் பேசு.”

அந்த வாரம் முழுவதும் அவன் சாயங்காலங்களில் மகளோடு தரையில் உட்கார்ந்தான். அவளுக்கு எது வரும், எது வராது, எங்கே பயப்படுகிறாள், எப்போது களைத்துப் போகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டான். அன்னியர் வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்வது போல இருந்தது. அதை நினைத்து அவன் உள்ளுக்குள் கூனிக்குறுகினான்.

கூட்டத்தில் அலுவலகத்துப் பெண் அதிகாரி, ஸமீஹா, வகுப்பாசிரியை, மைசூன், தைசீர். ஸமீஹா முதலிலேயே, “இந்த விஷயம் பெரியவங்க முன்னால முடிஞ்சது. இவரும் அங்க இருந்தார்” என்றாள்.

“இருந்தேன். என் பொண்ணுக்கு என்ன வேணும்னு நான் அங்க சொல்லல. இங்க சொல்றேன்” என்றான் தைசீர். காகிதம் எதையும் பார்க்காமல் சொன்னான். “அவளுக்கு ஒரே நேரத்துல ரெண்டு விஷயம் சொன்னா குழம்பிடுவா. ஒண்ணு ஒண்ணா சொன்னா பிடிச்சுக்குவா. சத்தம் போட்டா கையெல்லாம் உதறும். பத்து வரைக்கும் எண்ணுவா, பொருள் கையில இருந்தா மட்டும். இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லா மிஸ்ஸுக்கும் எத்தன ஸ்பூன் சர்க்கரைன்னு மனசுல வெச்சிருக்கா. யாரும் சொல்லித்தராம. அத ஞாபகம் வெச்சிருக்கறவளுக்கு எழுத்து ஏன் வராது?”

வகுப்பாசிரியை தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரி நிமிர்ந்தாள். “டீ கொண்டுபோறாளா? எப்போலேருந்து?”

“நான் வாக்குக் குடுத்த நாள்லேருந்து” என்றான் தைசீர்.

அடுத்த மாதம் உடைந்த பெஞ்சுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாரத்தில் சில நாட்கள் வேறு ஊரிலிருந்து ஓர் ஆசிரியை வந்தாள். தாலாவோடு இன்னும் நான்கைந்து பிள்ளைகள் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். ஸமீஹா தைசீரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் அதைப் பொறுத்துக்கொண்டான்.

வசந்தத்தில் ஒரு காலை, கடை திறந்த கையோடு, அபூ நாயிஃப் உள்ளே வந்தார். கூட யாரும் இல்லை. தைசீர் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார். அலமாரியிலிருந்த பேட்டரிகளை வரிசையாகப் பார்த்தார். விலை கேட்டார். பதிலைக் காதில் வாங்கவில்லை.

“அந்த மனு” என்றார் கடைசியில். “யார்கிட்ட குடுக்கணும்?”

“எந்த மனு பெரியப்பா?”

“வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. நாயிஃப் பொண்ணு. பன்னெண்டு வயசு.”

அவருடைய மகன் நாயிஃபுக்கு மூன்று மகன்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் தைசீர் அந்த மூன்று பேரின் கையிலும் காசு வைத்துக் கொடுத்திருக்கிறான். நான்காவது ஒரு பிள்ளையை அவன் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

“எங்க இருக்கா?”

“மாடியில” என்றார் கிழவர். “நீ அன்னிக்குக் கூடத்துல நின்னு பேசினப்ப நேர் மேல இருந்தா.”

தைசீர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தான்.

“நீயே எழுதிக் குடுத்துடு. உன் பேர்ல. நம்ம பேரு வெளிய வர வேண்டாம்” என்றார் பெரியவர், கெஞ்சுவது போல. அவர் யாரிடமும் கெஞ்சித் தைசீர் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

“முடியாது பெரியப்பா. நாயிஃப் வந்து கையெழுத்துப் போடணும். பொண்ணும் வரணும். அங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.”

“சத்தமாவா?”

“சத்தமாத்தான்.”

அப்போது வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து சலாம் சொன்னார். கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், வாய் சும்மா இருக்காதவர். பெரியவர் எழுந்து போய்விடுவார் என்று தைசீர் நினைத்தான். அவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். தைசீர் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவை எடுத்தான்.

“பேரு என்ன பெரியப்பா?”

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கல.”

“ஜுமானா.” அவருக்கு மூச்சு வாங்கியது. மறுபடியும் சொன்னார், இந்த முறை கடை வாசல் வரை கேட்கும்படி. “ஜுமானா. நாயிஃப் மகள் ஜுமானா.”

வந்தவர் திரும்பிப் பார்த்தார். “யாரு அது அபூ நாயிஃப்? கேள்விப்பட்டதே இல்லயே?”

“என் பேத்தி” என்றார் பெரியவர்.